சர்க்கரைல சிலை செய்யற ஒரு நாள் கிளாஸ், ஃப்ளோரன்ஸ்: 140 யூரோவுக்கு வொர்த்தா?

முதல்லயே சொல்லிடறேன், இது பேக்கிங் கிளாஸ் இல்ல, சமையல் கிளாஸும் இல்ல. நான் அப்படி நெனச்சுதான் புக் பண்ணேன், ஏன்னா வீட்ல இருந்தே ஆர்டர் எடுத்து கேக் பண்றவ நான், ஃபாண்டன்ட்ல (கேக் அலங்காரத்துக்கு வர்ற மெத்துன்னு சர்க்கரை மாவு) பூ, பொம்மை, டைனோசர், கல்யாண ஜோடி எல்லாம் பண்ணி கை பழகியிருக்கு, "பரோக் கால விருந்து மேசைக்கான சர்க்கரைச் சிற்பம்"னு (பரோக்னா 1600கள் பக்கத்து ஐரோப்பிய ஆடம்பர பாணி) பார்த்ததும் அட நம்ம ஏரியாதானேன்னு 140 யூரோ கட்டிட்டேன். போய் உக்காந்து பத்து நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு, நமக்கு ஒண்ணும் தெரியாது.

இடம் ஆர்னோ ஆத்துக்கு அந்தக் கரை, ஓல்ட்ரார்னோ. தோல் தைக்கறவங்க, சட்டம் போடறவங்க, பொன்முலாம் பூசறவங்கன்னு இன்னமும் சின்னச் சின்னப் பட்டறையா இருக்கற தெருக்கள். கிளாஸ் நடத்தறவங்க பேரு போடல, ஏன்னா கீழ குறையும் எழுதப்போறேன், ரெண்டே பேர் வச்சு நடத்தற சின்ன இடம், அதுக்காக அவங்க பொழப்புல மண்ணப் போட வேணாம். சொல்லிக்குடுக்கற அம்மா அடிப்படையில சுண்ணாம்புச் சிற்பங்களை ரிப்பேர் பண்றவங்க, சமையல்காரங்க இல்ல. அதுதான் இந்த கிளாஸோட பலமே, ஆனா அது எனக்கு மத்தியானத்துக்கு மேலதான் புரிஞ்சுது.

காலைல 9:30க்கு எட்டு பேர் ஏப்ரன் கட்டி ரெடியா நிக்கறோம், மொதல் ஒரு மணி நேரம் கையில மாவே குடுக்கல. வெறும் படம். பழைய செப்புத்தகட்டு அச்சுப் படங்களோட பெரிய பிரிண்ட். என் பக்கத்துல இருந்த ஸ்பானிஷ் பொண்ணு என்னைப் பார்த்து புருவத்தைத் தூக்குறா, நான் அவளைப் பார்த்துத் தூக்குறேன், ஹிஸ்டரி கிளாஸுக்கா வந்தோம்னு.

ஆனா முதல் படத்துக்கு அவங்க சொன்ன கதைல நான் விழுந்துட்டேன். 1687 ஜனவரி, ரோம், பியாட்சா நவோனால இருக்கற பம்ஃபீலி அரண்மனை. இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர், நாடோ ப்ராட்டஸ்டன்ட் நாடு, அவர் போப்புக்கு ஒரு தூதரை அனுப்பறார், காசில்மெய்ன் பிரபு. (இந்த ஆளுக்குப் பிரபு பட்டம் கிடைச்சதே அவர் பொண்டாட்டி முந்தின ராஜா சார்ல்ஸோட ஆசைநாயகியா இருந்ததாலதான். இதை டீச்சர் சொல்லும்போது ரூமே சிரிச்சுது.) அந்தாளு போப்பைப் பார்த்தப்புறம் ஒரு விருந்து வைக்கறார். நீட்டமா ஒரு மேசை, அதோட நட்ட நடுவுல ஒரு கோடில இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் தேவதைங்க, ராஜாக்கள், சிங்கம், ரதம்னு வரிசையா சிலைங்க, எல்லாமே சர்க்கரை. இதுக்கு இத்தாலியன்ல த்ரியோன்ஃபின்னு பேரு, வெற்றிகள்னு அர்த்தம். விருந்தாளிங்க உக்கார்றதுக்கு முன்னாடியே ஊர் ஜனங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும்னு கதவைத் தொறந்து விட்டிருக்காங்க. அவரோட வீட்டு நிர்வாகியா கூடப் போனவர் ஜான் மைக்கேல் ரைட், நல்ல பேரு வாங்கின ஓவியர், அவர் இதையெல்லாம் எழுதி படத்தோட புக்காவே போட்டுட்டார், அதனாலதான் கரையற பொருள்ல செஞ்ச ஒரு விஷயம் எப்படி இருந்துச்சுன்னு நமக்குத் தெரியுது. இவ்வளவு செலவு பண்ணியும் போப் பெருசா மசியல, அடுத்த வருஷக் கடைசில ராஜாவே நாட்டை விட்டு ஓடிட்டார். சர்க்கரை எவ்ளோ நாள் தாங்குச்சோ, ராஜாவும் கிட்டத்தட்ட அவ்ளோதான்.

அடுத்த படம் 1668 டிசம்பர். ஸ்வீடன் நாட்டு சிம்மாசனத்தையே விட்டுட்டு கத்தோலிக்கரா மாறி ரோமுக்கு வந்த ராணி கிறிஸ்டினாவுக்கு ஒன்பதாம் கிளமென்ட் போப் குடுத்த விருந்து, பியர் போல் செவான்னு ஒருத்தர் வரைஞ்சது. அதுலயும் பாருங்க, சாப்பாட்டை விட சிலைதான் உசரமா நிக்குது. அதுல உக்காந்தா எதிர்ல இருக்கறவர் மூஞ்சி தெரியுமாங்கறதே சந்தேகம்.

அப்பதான் நான் கேட்டேன், எல்லாருக்கும் மனசுல இருந்த கேள்விதான். இதை சாப்பிடுவாங்களா மாட்டாங்களா? அந்தம்மா அசராம, "தாராளமா சாப்பிடலாம், பல்லு உங்களோடது"ன்னாங்க. அப்புறம் 1555ல வெனிஸ்ல வெளிவந்த ஒரு ரகசியக் குறிப்பு புக்குலேர்ந்து ஒரு செய்முறை படிச்சாங்க. இதை வச்சு தட்டு, டம்ளர், கிண்ணம்னு மேசைக்கு வேண்டிய எல்லாத்தையும் செய்யலாம், விருந்து முடிஞ்சதும் அதையே சாப்பிட்டுடலாம்னு அதுலயே எழுதியிருக்கு. 1574ல பிரான்ஸ் ராஜா மூணாம் ஆன்றி வெனிஸ் போனப்போ அப்படித்தான் ஒரு மேசை போட்டு, அவர் நாப்கின்னு நெனச்சு எடுத்தது கையிலயே உடைஞ்சுதாம், அதுவும் சர்க்கரை. ஆக சின்ன ஐட்டம் எல்லாம் விளையாட்டா உடைச்சு திங்கறதுக்கு, பெரிய சிலைங்க பார்க்கறதுக்கு. திங்கக்கூடிய பொருளை, அதுவும் அப்போ தங்கம் மாதிரி விலை வித்த பொருளை, திங்காம நிக்க வைக்கறதுதான் பணக்காரத்தனமே.

சரி, ஒரு வழியா மாவுக்கு வந்தோம். நாம கேக்குக்கு வாங்கற ஃபாண்டன்ட் இல்ல இது. இதுக்கு உயிர் ட்ராககாந்த்னு ஒரு பிசின், ஈரான், துருக்கிப் பக்கம் வளர்ற ஒரு முள்ளுச்செடிலேர்ந்து எடுக்கறது, காஞ்ச நகத்துண்டு மாதிரி இருக்கும். ராத்திரியே பன்னீர்ல ஊறப் போட்டு வச்சிருந்தாங்க, காலைல பொங்கி ஜெல்லியா நிக்குது, பார்த்ததும் எனக்கு பாதாம் பிசின் ஞாபகம்தான் வந்துச்சு. (பல பேரு ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க, கிடையாது, அது வேற மரத்துப் பிசின். பாதாம் பிசினை வச்சு ட்ரை பண்ணிட்டு வரலன்னு என்கிட்ட வராதீங்க.) அதைத் துணில போட்டுப் பிழிஞ்சு, கொஞ்சூண்டு எலுமிச்சை சாறு, கொஞ்சூண்டு முட்டை வெள்ளைக்கரு, அப்புறம் பொடிச்ச சர்க்கரையை சிறுகச் சிறுகச் சேர்த்துக் கல் உரல்ல இடிக்கணும். பழைய குறிப்புல சர்க்கரை 4 அவுன்ஸுக்கு பிசின் ஒரு அவரை விதை அளவுதான், அவ்ளோ கம்மி. மிக்ஸர் கிடையாது. கை கழண்டுபோச்சு. ஆனா இடிக்க இடிக்க அது ஒரு கட்டத்துல சப்பாத்தி மாவுலேர்ந்து களிமண்ணா மாறுது பாருங்க, அந்த நிமிஷத்துக்கே பாதிக் காசு சரியாப்போச்சு.

ஃபாண்டன்ட் பழகின கைக்கு இது ரொம்பவே வேற. மூடாம ரெண்டு நிமிஷம் வெளில வச்சா மேல தோல் கட்டிடுது, மடிச்சா வெடிப்பு விழுது, அதனால எப்பவும் மேல ஈரத்துணி. மர அச்சுல ஸ்டார்ச் தூவி, மாவை அமுக்கி, பின்பக்கம் கத்தியால சீவி, ஒரு தட்டு தட்டினா அப்படியே விழணும். எனக்கு மூணாவது தடவைதான் விழுந்துச்சு. விழுந்தப்புறம் அந்த விவரம் இருக்கே, நீர்தேவதையோட தாடி வளையம் வளையமா, மீன்வாலு செதில் செதிலா, ஃபாண்டன்ட்ல நான் எத்தனை வருஷம் குட்டிக்கரணம் போட்டாலும் அது வராது. காஞ்சா சுண்ணாம்பு மாதிரி, கிட்டத்தட்ட பீங்கான் மாதிரி மேட் வெள்ளை. நகத்தால தட்டினா டிங்குன்னு சத்தம்.

மதிய சாப்பாடு ஃபீஸ்ல சேர்த்தி இல்லங்கறது அங்க போய்தான் தெரிஞ்சுது. வெப்சைட்ல எங்கயோ பொடி எழுத்துல போட்டிருந்தாங்களாம். நாள் பூரா கிளாஸ், சர்க்கரை பேர்ல கிளாஸ், ஒரு காபிக்குக்கூட வெளில ஓடணும். இது எனக்குக் கடுப்புதான்.

அந்த இடைவேளைலதான் ஒண்ணு பண்ணேன், நீங்களும் பண்ணுங்க, பழைய பாலத்தைத் தாண்டி நடந்து மெர்க்காத்தோ நுவோவோவுக்குப் போனேன், டூரிஸ்டுங்க எல்லாம் மூக்கைத் தேய்ச்சுத் தேய்ச்சு பளபளன்னு ஆன வெண்கலக் காட்டுப்பன்னி இருக்கே, அங்க. (அங்க நிக்கறது நகல், ஒரிஜினல் மியூசியத்துல.) அந்தப் பன்னியைச் செஞ்ச பியெத்ரோ தாக்காதான், 1600 அக்டோபர் 5ஆம் தேதி ஃப்ளோரன்ஸை ஆண்ட குடும்பத்துப் பொண்ணு மரியா தே மெதிச்சியோட கல்யாண விருந்துக்கு, தன்னோட குரு ஜாம்போலோன்யாவோட சிலை மாதிரிகளை வச்சு சர்க்கரைச் சிலை வார்த்தவர். அப்போ அவருக்கு 23 வயசு. கல்யாண மாப்பிள்ளை பிரான்ஸ் ராஜா நாலாம் ஆன்றி கல்யாணத்துக்கே வரல, அவருக்குப் பதிலா பொண்ணோட சித்தப்பா ஃபெர்தினாந்தோ மாப்பிள்ளை ஸ்தானத்துல நின்னு மோதிரம் போட்டார், விருந்து நடந்தது வெக்கியோ அரண்மனையோட பெரிய ஹால்ல, முந்தின நாள் நான் டிக்கெட் எடுத்து வாயைப் பொளந்துட்டு நின்ன அதே ஹால். மாப்பிள்ளை வரலைன்னாலும் சர்க்கரை வந்திருக்கு. 2015ல இங்க பிட்டி அரண்மனைல அந்த விருந்தைப் பத்தி ஒரு கண்காட்சி வச்சு, சர்க்கரைச் சிலைங்களைத் திரும்பவும் வார்த்துக் காட்டினாங்களாம், எங்க டீச்சர் அதைப் பார்த்துட்டுத்தான் இந்த வேலைக்கே இறங்கினாங்களாம்.

வெண்கலம் வார்க்கறவன் எதுக்கு சர்க்கரை வார்க்கணும்னு எனக்கு ஒரு கேள்வி இருந்துச்சு. மத்தியானம் வார்ப்பு டெமோ பார்த்ததும் அது தெளிஞ்சுது. ரெண்டும் ஒரே வேலை. சுண்ணாம்பு அச்சு, ரெண்டு பாதி, தண்ணில நல்லா ஊறவச்சு எடுத்து, ரெண்டையும் சேர்த்துக் கயிறு கட்டிடறாங்க. சர்க்கரையைப் பாகு காய்ச்சி, பதம் வந்ததும் கரண்டியோட முதுகால பாத்திரத்து ஓரத்துல வச்சுத் தேய்க்கறாங்க, தெளிவா இருந்த பாகு மெல்ல மெல்லப் பால் மாதிரி கலங்குது, உடனே அச்சுல ஊத்தி, ஓரம் இறுகினதும் நடுவுல இருக்கற பாகைத் திருப்பிக் கொட்டிடறாங்க. உள்ள கூடு, வெளில சிலை. வெண்கலச் சிலையும் உள்ள கூடுதானே.

இதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரிச்சுது, காரணம் வேற. நான் ஓசூர்ல வளர்ந்தவ. பக்கத்து வீட்டு கன்னடக்கார ஆன்ட்டி ஒவ்வொரு சங்கராந்திக்கும் சக்கரே அச்சு போடுவாங்க, மர அச்சைத் தண்ணில ஊறப்போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, பாகைக் கலங்க விட்டு, ஊத்தி, தட்டி எடுத்தா கிளி, கோபுரம், மீன் எல்லாம் வரும், எள்ளோட சேர்த்து வீடு வீடாக் குடுப்பாங்க. அச்சை ஊறவைக்கறது, கட்டறது, பாகு கலங்கற பதம் பார்க்கறது, அப்படியே அச்சு அசல். டீச்சர்கிட்ட சொன்னேன், ஃபோன்ல தேடிப் படம் காட்டினேன், அவங்க கிளாஸை அப்படியே நிறுத்திட்டு பத்து நிமிஷம் அதையே பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துட்டு இருந்தாங்க. மத்த ஏழு பேரும் என்னைத் திட்டியிருப்பாங்க.

திட்டினா நியாயம்தான், ஏன்னா அந்த டெமோவே மொத்தம் இருவது நிமிஷம்தான். விளம்பரத்துல "வார்ப்பு முறையும் கத்துக்கலாம்"னு போட்டுட்டு நம்ம கையால ஊத்த விடல, பாகு சூடு, இன்ஷூரன்ஸ் பிரச்சனைங்கறாங்க. அப்போ "பார்க்கலாம்"னு போடுங்க. இது நேர்மை இல்ல.

இன்னொண்ணு, ஏசி இல்ல. ஜூன் மாசம், ஆத்தோரம், காத்துல ஈரம், ஜன்னலையும் தொறந்து போட்டுட்டாங்க. சர்க்கரைக்கு எமன் தண்ணி இல்ல, ஈரக்காத்து. காலைல அச்சுலேர்ந்து எடுத்த துண்டுங்க சாயந்திரம் வரைக்கும் உள்ள பச்சையாவே இருந்துச்சு, காயாத துண்டை ஒட்டினா என்ன ஆகும், என் நீர்தேவதையோட கை திரிசூலத்தோட சேர்ந்து தொப்புன்னு விழுந்துடுச்சு. பெரிய சிலைங்களுக்கு உள்ள கம்பி, குச்சி எல்லாம் வச்சுதான் நிறுத்துவாங்கன்னு அப்புறம் சொல்றாங்க, அதை முன்னாடியே சொல்லலாமில்ல. இதுக்கெல்லாம் ரெண்டு மூணு நாள் காய விட்டு, நடு நடுவுல திருப்பிப் போட்டு, உப்புத்தாள் தேய்ச்சு, அப்புறம்தான் ஒட்டணும். நேர்மையா இது ரெண்டு நாள் கிளாஸ், ஒரு நாள்ல அடைச்சிருக்காங்க.

சாயந்திரம் துண்டுங்க காயற நேரத்துல இன்னொரு பேச்சு வந்துச்சு, அதை நான் எதிர்பார்க்கல. இந்த சர்க்கரை எங்கேர்ந்து வந்துச்சுங்கறது. ஆரம்பத்துல மருந்துக்கடைல நிறுத்து வித்த சரக்கு, அப்புறம் மதெய்ரா தீவு, பிரேசில், அதுக்கப்புறம் கரீபியன் தீவுகள்னு தோட்டம் தோட்டமாப் போட்டு, ஆப்பிரிக்காவுலேர்ந்து பிடிச்சுட்டு வந்த அடிமைங்களை வச்சு வெட்டி, ஆலைல பிழிஞ்சு வந்தது. மேசை மேல தேவதை வெள்ளையா நிக்குதுன்னா அதுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தரோட முதுகுத்தோல் இருக்கு. 2014ல நியூயார்க் ப்ரூக்ளின்ல இடிக்கப்போற பழைய டோமினோ சர்க்கரை ஆலைக்குள்ள அமெரிக்கக் கலைஞர் காரா வாக்கர் செஞ்சு வச்ச பிரம்மாண்டமான வெள்ளைச் சர்க்கரைப் பெண் சிங்கத்தோட ஃபோட்டோவைக் காட்டினாங்க, கறுப்பினப் பெண் முகம், ஸ்ஃபிங்க்ஸ் உடம்பு. அதுக்கு அவங்க வச்ச பேரு "எ சட்டில்ட்டி", அது இங்கிலீஷ்காரங்க இடைக்காலத்துல இந்த மாதிரி விருந்துச் சிலைக்குச் சொன்ன பேரேதான். சும்மா அழகு அழகுன்னு மட்டும் பேசிட்டு விட்டுடாம இதையும் பேசினதுக்கு நான் ஒரு ஸ்டார் கூடவே போடுவேன்.

எப்படி இது நின்னுபோச்சுன்னும் கேட்டேன். பீங்கான் வந்துச்சு, அவ்ளோதான். 1710ல ஜெர்மனில மைஸன் பட்டறை ஆரம்பிச்சாங்க, 1730கள்ல கெண்ட்லர்னு ஒரு சிற்பி குட்டிக் குட்டி இடையர், இடைச்சி, கோமாளி பொம்மை எல்லாம் பண்ண ஆரம்பிச்சதும் இனிப்பு மேசைல சர்க்கரை இருந்த இடத்துல அது ஏறி உக்காந்துக்குச்சு. கழுவி வச்சுக்கலாம், அடுத்த விருந்துக்கும் ஆகும். இதுல எனக்குப் பிடிச்ச சங்கதி, அந்தப் பீங்கான் பொம்மைங்களையும் ரொம்ப நாள் அரண்மனையோட மிட்டாய்க்கூடத்துலதான் எடுத்து வச்சுட்டு இருந்தாங்க. நம்ம பாட்டிங்க வீட்டு ஷோகேஸ்ல நிக்கற பீங்கான் பொம்மைக்கு தாத்தா யாருன்னா சர்க்கரைதான்.

சரி, வொர்த்தா இல்லையா? பர்த்டே கேக் மேல வைக்கற பொம்மை கத்துக்கணும்னா போகாதீங்க, யூட்யூப் போதும். கையால ஒரு பொருளோட குணத்தைப் புரிஞ்சுக்கணும், ஏன் ஒரு காலத்துல சிற்பிங்க சமையல்கட்டுக்குள்ள வந்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா கண்ணை மூடிட்டுப் போங்க. ஆனா ஜூன், ஜூலை வேணாம், காத்து காஞ்சிருக்கற மாசமாப் பாருங்க. சாப்பாடு கட்டிட்டுப் போங்க. கையில இறுக்கமா மோதிரம் இருந்தா கழட்டிடுங்க, உரல் இடிக்கும்போது கொப்புளம் வந்துடும். எடுத்துட்டுப் போக அட்டைப்பெட்டி 6 யூரோ தனியா கேக்கறாங்க, வீட்லேர்ந்து ஒரு டப்பாவும் பழைய துணியும் எடுத்துட்டுப் போயிடுங்க. ஈரப்பதம் இழுக்கற சிலிகா பாக்கெட் இருந்தா அதையும் போட்டுக்கோங்க. அஞ்சுக்கு மூணரை குடுக்கலாம்னு இருந்தேன், அந்த ஒரு ஸ்டாரைச் சேர்த்து நாலரை. கையுடைஞ்ச கடுப்புல அரை குறைச்சு நாலு.

நீர்தேவதை ஒத்தைக் கையோட மியூனிக் வரைக்கும் ட்ரெயின்ல மடில வந்து சேர்ந்தார். மூணு நாள் கழிச்சு நல்லா காஞ்சதும் கையை ஒட்டிட்டேன், திரிசூலம் மட்டும் கொஞ்சம் கோணல். வீடியோ கால்ல அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "சாப்பிடற பொருளாடி, பொம்மையாடி?"ன்னு கேட்டாங்க. ரெண்டும்தான்மான்னேன். "அப்போ நவராத்திரிக்கு எடுத்துட்டு வந்துடு, கொலுவுல வைக்கலாம். ஆனா ஓசூர்ல எறும்பு இருக்கு, பார்த்துக்கோ"ன்னாங்க. மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி எங்க நல்லதா கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஒரு அடி உசரம் இருந்தா போதும்.